கிங் தீவுச் சதுரம்

கிங் தீவுப் படத்தை நான்காக வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டி, சாப்பாட்டு மேசையில் போட்டு வைத்துப் பல மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு வெள்ளை இடம். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். தட்டை அதன் மேல் வைக்காமல் மேசை ஓரத்தில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

இந்த வேலை இப்படித்தான். சதுரத் தாளின் நடுவில் வரைய வேண்டும், ஓரத்தைத் தொடக் கூடாது. பிறகு பிளேடால் நெடுக்கே ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு. நான்கு துண்டையும் மூலைக்கு மூலை மாற்றிப் பின்பக்கம் டேப் போட்டால், வரைந்ததெல்லாம் ஓரங்களுக்குப் போய்விடும். நடு காலியாகிவிடும். அந்தக் காலியை நிரப்பினால் சதுரம் முடிந்தது. அதைப் பக்கத்தில் பக்கத்தில் எவ்வளவு அச்சடித்தாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் இதே வேலை நடக்கும் என்கிறார்கள். நடக்கட்டும். எனக்கு பிளேடு போதும்.

ஓரம் என்னுடையது, நடு என் தோழி டாம்சினுடையது. நானும் அவளும் அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தோம். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு தீவுக்குப் போவோம். டோங்கா, நியூ கலிடோனியா, ஃப்ளிண்டர்ஸ் தீவு. பகலில் நான் வரைவேன், சாயந்திரம் வெட்டுவேன். அவள் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் அவள் பார்த்த எதையாவது போட்டு மூடுவாள். வெட்டு இருந்த இடமே தெரியாது. ஊர் திரும்பியதும் அது பரிசு சுற்றும் தாளாகவும் வாழ்த்து அட்டையாகவும் பாத்திரம் துடைக்கும் துணியாகவும் சந்தைக்கு வரும்.

பிறகு டாம்சின் மெல்போர்னுக்குப் போனாள். நோட்டுப் புத்தகமும் டைரியும் செய்கிற கம்பெனியில் நல்ல வேலை. ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். நான் நீளமாக எழுதி அனுப்புவேன், அவள் ஒரு சிவப்பு இதயத்தைத் திருப்பி அனுப்புவாள். அவ்வளவுதான்.

நான் டெவன்போர்ட்டிலேயே இருக்கிறேன். மெல்போர்ன் கப்பல் காலையில் கரைக்கு வந்ததும் ஏறி, அறை அறையாகப் படுக்கை விரிப்பு மாற்றிக் கழிப்பறை கழுவுகிற வேலை. மற்ற நேரத்தில் படம். அவள் போனதிலிருந்து புதுச் சதுரம் ஒன்றுகூட முடியவில்லை. பழையதையே திரும்பத் திரும்ப அச்சடித்து விற்கிறேன்.

கிங் தீவில் ஒரு பரிசுப் பொருள் கடை. அந்தத் தீவின் படம் போட்ட தாள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அச்சகக்காரர் கெல்வின் போன் செய்தார்.

"என்ன ப்ரான், கிங் தீவு எப்பதான் வரும்? அந்தக் கடைக்காரம்மா என் உசுர எடுக்குது."

"நடு மட்டும் பாக்கி."

"நடுவுல ஒரு பெங்குயினப் போட்டுத் தள்ளு. பெங்குயினப் பாத்துட்டு எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"பெங்குயின் வேணாம்."

"அப்ப ஒரு பசுமாடு. சீஸுக்குப் பேர் போன தீவு தானே அது?"

"திங்கக்கிழமை குடுத்துடறேன் கெல்வின்."

"எந்த வருஷத்துத் திங்கக்கிழமைன்னும் சேத்துச் சொல்லிட்டு வை."

திங்கட்கிழமை என்று நான் சும்மா சொல்லவில்லை. அவர் போன் செய்த அன்று காலைதான் டாம்சினிடமிருந்து செய்தி வந்திருந்தது. இங்கே இருக்கும் மாமியாரின் பிறந்தநாளுக்கு வருகிறாளாம், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் எட்டிப் பார்ப்பாளாம். இந்த முறை இதயம் இல்லை, முழு வாக்கியங்கள். நான் அதைக் கழிப்பறை கழுவும் கையுறையோடு நின்று படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் வேலையை முடித்துவிட்டு நேராகச் சந்தைக்குப் போனேன். ஊர் மண்டபத்துக்குள் நடக்கும் சந்தை. கிங் தீவுத் தாளைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டு மேசைக்கடியில் வைத்தேன். அவளுக்குப் பிடித்த மெல்லிய பிரஷையும் எடுத்து வந்திருந்தேன். பக்கத்து மேசை ரேலீனுடையது. சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்து ஸ்காலப் பை சுட்டு விற்கிறவள்.

"யாருடி வர்றா? தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்திருக்க."

"டாம்சின்."

"யாரு, பன்னிக்காரியா?"

"அவதான்."

"பரவால்ல, உசுரோட இருக்கா. நீ பேசறதக் கேட்டு நான் செத்துட்டான்னே நெனச்சேன்."

ரேலீனுக்கு எல்லாம் தெரியும். டோங்கா தாளின் ஓரமெல்லாம் குடையும் மீன்கூடையும் சேப்பங்கிழங்கு இலையும் நான் போட்டது. நடுவில் மூன்று பன்றி. கடல் வற்றும் நேரத்தில் அங்கே பன்றிகள் தண்ணீருக்குள் இறங்கிச் சிப்பி தோண்டித் தின்னும். முதல் இரண்டும் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டிருக்கும். மூன்றாவது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். டாம்சின் கரையிலிருந்து விசில் அடித்தாள், அது திரும்பியது, அதையே வரைந்தாள். அன்று மழை. அவள் பிரஷ் முடி பிரிந்துவிட்டதால் என் பிரஷை வாங்கி வரைந்தாள். நான் எப்போதும் அதிகம் விற்பது அந்தத் தாள்தான். ஜனங்கள் அந்த மூன்றாவது பன்றியைப் பார்த்துத்தான் நிற்பார்கள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது டாம்சின் வந்தாள்.

"ப்ரான்! என் தங்கமே! அப்படியே இருக்கடி நீ!"

"வேற எப்படி இருக்கணும்?"

கட்டிப் பிடித்தாள். வேறு ஏதோ சோப்பு வாசனை. பின்னால் உயரமாக ஒரு மனிதர், ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவர்தான் டேமியன். டேமியன், இது ப்ரான். சொல்லிருக்கேன்ல?"

"சொல்லிருக்கா, சொல்லிருக்கா. நீங்க கப்பல்லதானே வேலை? எங்க ரூம் பளிச்சுனு இருந்துச்சு."

"எந்தத் தளம்?"

"எட்டு."

"அப்ப அது நான் துடைச்சது இல்ல. என்னோடது ஏழு."

டாம்சின் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் பழையது. குழாயை எடுக்கலாம் என்று நான் காலால் தடவிப் பார்த்தேன். இருந்தது. முதலில் அவள் மேசையைப் பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவள் விரலால் சுருள்களைத் தள்ளிக்கொண்டே போய் டோங்காவில் நின்றாள். ஒரு முழம் பிரித்தாள்.

"ஐயோ, இந்தப் பன்னிங்க! டேமியன், இங்க வாங்களேன். இந்த மூணாவது பன்னியப் பாருங்க, எப்படித் திரும்பிப் பாக்குதுன்னு. இதுதான் ப்ரான். வேற யாருக்கும் இது வராது. எங்க பாத்தாலும் நான் சொல்லிருவேன், இது இவ கைன்னு."

சுட்ட பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த ரேலீன் அப்படியே நின்றாள்.

டேமியன் குனிந்து பார்த்தார். "ஆமா, நல்லா இருக்கு" என்றார்.

நான் டாம்சின் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிறாளோ என்று தேடினேன். இல்லை. மனதாரச் சொல்கிறாள். என்னைப் பெருமைப்படுத்துகிறாள்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோ" என்றேன்.

"காசு குடுத்துத்தான் எடுப்பேன்."

"இப்பல்லாம் வரையறியா நீ?"

"எங்கடி! நாலு டிசைனர மேய்க்கிறேன். காலைல ஒரு மீட்டிங், மத்தியானம் ஒரு மீட்டிங். பென்சில் எந்த டிராயர்ல கிடக்குதுன்னே தெரியல."

"கிங் தீவு ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா, அந்த நாத்தத்த! நான் கண்ணாடிய ஏத்திக்கிட்டுக் கார்லயே உக்காந்திருந்தேன்ல? நீ பாட்டுக்கு முழங்கால் வரைக்கும் பாசில நின்ன. உங்க அப்பா வேலை பாத்த எடம் இல்ல அது?"

"ஆமா."

"அதையும் வரை ப்ரான். நீ வரைஞ்சா நல்லாருக்கும்."

"வரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் பேங்க் அட்டையை எடுத்து என் மெஷினில் தட்டினாள். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. இன்னொரு முறை கட்டிப் பிடித்தாள். மாமியார் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள், அடுத்த முறை நிதானமாகப் பேசுவோம் என்றாள். டேமியன் சுருளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார், நனையாமலிருக்க. நல்ல மனிதர். அவர்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை நான் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"அவ போட்ட பன்னிதானேடி அது?" என்றாள் ரேலீன்.

"ஆமா."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன ஆகும்? 'அட, அப்படியா'ன்னு சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. சிரிச்சுட்டு உக்காந்து பேசிருப்பா."

"பை சூடா இருக்கா?"

ரேலீன் சூடான பை ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டு, சாயந்திர வெயில் சமையலறைக்குள் வந்திருந்தது. குழாயிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்து நான்கு மூலையிலும் டப்பாவை வைத்தேன்.

ஓரம் முழுக்கக் கடற்பாசி. புயல் அடித்து ஓய்ந்ததும் கிங் தீவின் மேற்குக் கரையில் மாட்டுத்தோல் தடிமனுக்கு வந்து ஒதுங்கும். என் அப்பா அதைப் பொறுக்கி விற்றுத்தான் எங்களை வளர்த்தார். பழைய லாரி, அதன் பின்னால் பாரம் இழுக்கிற ஒரு விஞ்சு, ஒரு கயிறு. பாறை இடுக்கில் இறங்கிப் பாசியைக் கட்டிக் கயிற்றில் மாட்டிவிட்டுக் கத்துவார், மேலே அம்மா விஞ்சை ஓட்டுவாள். ஈரப் பாசி ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி எடை. அப்பாவின் வலது தோள் கடைசிவரை இறங்கியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அந்த நாற்றம் சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கரையை நான் யாருக்கும் காட்டியதில்லை. டாம்சினைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பார்த்ததைக் கொண்டுதான் நடு நிறைய வேண்டும் என்று இத்தனை மாதம் வைத்திருந்தேன்.

அவள் என்ன பார்த்தாள்? காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பென்சிலை எடுத்துக் காரை வரைந்தேன். வாடகைக்கு எடுத்த சின்ன வெள்ளைக் கார். கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்கிறது. ஜன்னலுக்குள் ஒரு தலை போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அழித்தேன். அங்கே தாள் சொரசொரத்துவிட்டது. கடைசியில் கண்ணாடியில் மேகத்தைப் போட்டு விட்டேன். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

வெட்டுக் கோட்டை மறைப்பது அவள் கைவேலை. பன்றியின் முதுகையோ ஓர் இலையையோ அதன் மேல் ஓட்டிவிடுவாள். நான் முன் சக்கரத்தை ஒரு வெட்டின் மேல் உட்கார வைத்தேன், அது சரியாக வந்தது. இன்னொன்றின் மேல் விஞ்சுக் கயிற்றை இழுத்தேன். கயிறு கோட்டைத் தாண்டும் இடத்தில் மயிரிழை விலகி நின்றது. திருத்தினேன். இன்னும் விலகியது. விட்டுவிட்டேன்.

மறுநாள் கெல்வினிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். ஸ்கேன் செய்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கார் ஜோரா இருக்கே! லீவுக்குப் போன மாதிரி ஒரு இது. ஆனா இடது பக்கம் ஒரு கயிறு அறுந்து தெரியுது. இங்கயே சேத்து விட்டுரட்டா?"

"வேணாம்."

"யோசிச்சுச் சொல்லு. ஒரு சுருள்ல எத்தன தடவ வரும்? வர்ற எடமெல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும் கெல்வின்."

அடுத்த சந்தைக்குத் தாள் வந்துவிட்டது. மேசைக்கு முன்னால் ஒரு நீளத்தைத் தொங்க விட்டேன். பாசிக்கு நடுவே கார், ஒரு கை தள்ளி இன்னொரு கார், அதற்குக் கீழே இன்னொன்று. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றன. ஒன்று இன்னொன்றை எட்டாது. ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. காலையிலேயே சில சுருள் போனது.

மத்தியானத்துக்கு மேல் ஒருவர் வந்து நின்றார். கம்பளித் தொப்பி, தடித்த கைகள், ஒரு கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க மேக்குக் கரை தானே?"

"ஆமாங்க. கிங் தீவு."

"பாசியெல்லாம் சரியா இருக்கு. ஆமா, இங்க எந்தக் கூறுகெட்டது காரக் கொண்டாந்து நிறுத்துச்சு? உப்பு தின்னுருமே."

"வெளியூர்க்காரி ஒருத்தி."

"கண்ணாடிய ஏத்திட்டாளாக்கும்?"

"ஏத்திட்டா."

தொண்டைக்குள்ளேயே சிரித்தார். பிறகு அந்தப் பாதி விரலைக் கயிறு விட்ட இடத்தில் வைத்தார்.

"இது அறுந்திருக்கு."

"ஆமா."

"அறும்" என்றார். "ரெண்டு குடு."

இரண்டைச் சுருட்டி ரப்பர் போட்டுக் கொடுத்தேன். அக்குளில் வைத்துக்கொண்டு ரேலீன் மேசைப் பக்கம் போய் ஒரு பை வாங்கினார். மேசையில் இரண்டு சுருள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பெட்டியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து அங்கே வைத்தேன்.