பக்கிரியின் காந்தம்

போலீஸ் தேர்வில் ஓட்டமும் குண்டு எறிதலும் கார்குழலிக்குப் பயமில்லை. போன தடவை அவளை வீட்டுக்கு அனுப்பியது நீளம் தாண்டுதல். மழைக்காலத்துக்கு முன்னால் அடுத்த தேர்வு. தாண்டிப் பழக மணல்குழி வேண்டும். குழிக்கு மைதானத்தில் இடம் வேண்டும்.

இடம் எங்கே இருக்கிறது? நடுவில் கிரிக்கெட். ஓரமெல்லாம் நடைப்பயிற்சி. மரத்தடிச் சரளையில் பெரியவர்களின் பெத்தாங். சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை வீசி நிறுத்தும் அந்த ஆட்டம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது.

மிச்சம் இருந்தது வடக்கு மூலை. பொருட்காட்சிக் கடைகள் அங்கேதான் போடுவார்கள். பிரித்துப் போகும்போது ஆணிகளை விட்டுப்போவார்கள்.

சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தங்கை இனியாவோடு கார்குழலி ஆணி பொறுக்கினாள். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது.

மரத்தடியில் பக்கிரி ஆடிக்கொண்டிருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். குனிய முடியாத இடுப்பு. கயிற்றில் கட்டிய காந்தத்தைக் கீழே இறக்கினார். இரும்புக் குண்டு டக்கென்று ஒட்டி மேலே வந்தது.

கேட்கக் கார்குழலிக்குக் கூச்சம். இனியா முதுகில் கிள்ளியதும் கார்குழலி கேட்டாள்.

“தாத்தா, அந்தக் காந்தத்த கொஞ்சம் குடுங்களேன். ஆணி எடுக்கணும்.”

“இது காந்தம் இல்ல பாப்பா, என் இடுப்பு. உன்னான்ட குடுத்துட்டு நான் எப்டி குனியறது?”

“நான் குனியறேன் தாத்தா. குண்டெல்லாம் எடுத்துத் தர்றேன்.”

“குடுய்யா பக்கிரி,” என்றார் எதிர் ஆட்டக்காரர் கன்னியப்பன். “எப்டியும் தோக்கத்தான் போற.”

பக்கிரிக்காகக் கார்குழலி குனிந்து குண்டெடுத்தாள். இனியா காந்தத்தை மூலையெங்கும் இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் அது முள்ளம்பன்றி மாதிரி திரும்பி வந்தது. மேலே ஆணி தீர்ந்ததும் இருவரும் குழி தோண்டத் தொடங்கினார்கள். தோண்டத் தோண்ட வந்த ஆணிகள் தடித்திருந்தன, துருவேறியிருந்தன. ஆட்டத்தை விட்டுப் பெரியவர்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

“இது சர்க்கஸ்காரன் அடிச்சது,” என்றார் கன்னியப்பன்.

“சர்க்கஸாவது! மில்லு ஸ்ட்ரைக்குல இங்க கொட்டா போட்டமே, அந்த ஆணி. நானே அடிச்சது.”

“நீ அடிச்சதுன்னா வளஞ்சில்ல இருக்கும்?”

கடைசியாக ஒட்டி வந்தது குட்டையானது, தலை பெருத்தது. பக்கிரி அதை வேட்டி நுனியில் துடைத்தார். “சொல்தா பூட்ஸ் ஆணி, பட்டாளத்துக்காரன் போடறது. வெள்ளக்காரன் பரேடு போட்ட எடமாச்சே இது.” சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் இழுத்தபோது காந்தம் வெறுமனே வந்தது.

தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு மணல் வாங்கிக் குழியை நிரப்பினார்கள். கார்குழலி செருப்பைக் கழற்றினாள். ஓடி வந்தாள், தாண்டினாள்.

கன்னியப்பன் ஆட்டத்தில் குண்டுகளின் தூரம் அளக்க வைத்திருந்த டேப்பைக் குதிகால் தடத்தில் வைத்தார். “அங்க இல்லய்யா, பின்னாடி!” என்று பக்கிரி நின்றபடியே சண்டை பிடித்தார். இரண்டு முறை அளந்தும் தேர்வுக்கு வேண்டிய தூரத்தில் நாலு விரல் குறைந்தது.

கார்குழலியின் முகம் தொங்கியது.

“நாலு வெரலா?” என்றார் பக்கிரி. “எங்காட்டத்துல நாலு வெரலுக்குச் சண்ட போட்டே பொழுது போயிடும். போ பாப்பா, இன்னொருவாட்டி தாண்டு.”

பெரியவர்கள் யாரும் மரத்தடிக்குத் திரும்பவில்லை. கார்குழலி வெறுங்காலோடு ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்தாள்.