ஒரே டிராயரில் மூன்று சாவிகள்

தம்பி கட்டிய பிளாக்செயினுக்கு முதலாளி கிடையாது என்று அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பதிவுகள் ஆயிரம் பேருடைய கணினிகளில் இருக்கும். தனி ஆளாக யாரும் எதையும் மாற்ற முடியாது. ஆனால் பிறந்த குழந்தையை அன்றைக்கே தெருவில் நடக்க விட முடியாதே! அதனால் முதல் வருடத்துக்கு மட்டும் ஐந்து பேர் கொண்ட காவல் குழு. விரல் அளவுக் கருவிதான் சாவி, ஆளுக்கு ஒன்று. மூன்று சாவிகளின் கையெழுத்து சேர்ந்தால் விதியையே மாற்றலாம்.

அதில் ஒன்றை அக்காவிடம் கொடுத்திருந்தான். மருந்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் தரம் பார்த்தவள், கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதவள். அந்தப் பெயரைக் காட்டித்தான் ஆயிரம் பேரையும் நம்ப வைத்தான், கெட்டிக்காரன்.

அன்று காலை பத்து மணிக்கு ஒத்திகை. ஆபத்து வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அவரவர் இடத்திலிருந்து கையெழுத்திட வேண்டும். பத்தேகாலுக்குக் குழுவிலிருந்த வக்கீல் போன் செய்தார். வாய் நிறையப் பஞ்சு.

"பல்லு புடுங்க வந்தேம்மா. ஒத்திகைய விட்டுட்டேன், மன்னிச்சிடுங்க" என்று குழறினார்.

அக்கா திரையைப் பார்த்தாள். வக்கீலின் கையெழுத்து பத்து மணி இரண்டு நிமிடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. அதே நிமிடத்தில் தம்பியுடையதும், குழுவின் இன்னொரு ஆளான, மலையேறப் போயிருந்த பேராசிரியருடையதும்.

நேரே தம்பியின் அறைக்குப் போய் மேசை டிராயரை இழுத்தாள். மூன்று கருவிகள், பெயர் எழுதி ஒட்டி, வரிசையாக.

"என்னடா இது?"

"கத்தாதேக்கா. அவங்களேதான் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் தேடிப் பிடிக்க முடியல. திருடினேனா என்ன?"

"மூணும் உன் கையில. இனி நீ ஒருத்தனே எல்லாத்தையும் மாத்தலாம். முதலாளி இல்லைன்னு எந்த வாயால சொன்னே?"

"நான் மாத்த மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அந்த ஆயிரம் பேருக்கு எப்படிடா தெரியும்?"

இவன் திருடன் இல்லை, அதுதான் கொடுமை. சோம்பேறித்தனத்தில் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுக் காவலாளி வேஷம் கட்டியிருக்கிறான். நாளை அந்த டிராயரை எவன் திறந்தாலும் கதை முடிந்தது.

குழுவில் யார் வேண்டுமானாலும் தனியாக ஓர் எதிர்ப்பைப் பதியலாம். பதிந்தால் பிளாக்செயினைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது தானாக நின்றுவிடும். சும்மா அழகுக்காகத் தம்பி எழுதிய விதி அது. அக்கா அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"சாயந்திரத்துக்குள்ள திருப்பிக் குடுத்திடுறேன்க்கா. நாளைக்குத் திறப்பு. மூணு வருஷ உழைப்பு மண்ணாப் போயிடும்" என்று கெஞ்சினான். அவள் நிமிரவில்லை. அவன் குரல் ஏறியது. "எழுதினா நமக்குள்ள உறவு இதோட முடிஞ்சுது!"

"முடியட்டும்."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். மூன்று சாவிகள் நிறுவனரின் டிராயரில் இருக்கின்றன. நான்காவது அவருடைய அக்காவிடம் இருக்கிறது. அதையும் பிடுங்குங்கள்.

"உன்ன எதுக்குக் காட்டிக் குடுக்குற?"

"டிராயரத் திறந்ததும் அந்த ஆயிரம் பேர் ஞாபகம் வரலடா, உன் முகந்தான் முதல்ல தெரிஞ்சுச்சு. ஒரு நிமிஷம், மூடி மறைச்சிடலாமான்னு நின்னேன்" என்றாள் அக்கா. பொத்தானை அழுத்தினாள்.