சூடு வைத்தது யார்?

1

இது கதையாக வரவேண்டியதே அல்ல. ஒரு பத்திரிகையின் இல்லப் பக்கத்துக்கு, வாஷிங் மெஷினின் கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி என்று கட்டுரை கேட்டார்கள். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். துணியைச் சுழற்ற மெஷின் எடுத்துக்கொள்ளும் கரண்ட் கொஞ்சம்தான், தண்ணீரைச் சுடவைக்கத்தான் அது கரண்டை அள்ளிக் குடிக்கிறது என்று தெரிந்தது. “ஆகவே வாசகிகளே, சூட்டை மாற்றும் குமிழைக் குளிர்ந்த நீர் என்பதில் வையுங்கள்” என்று எழுதினேன்.

எழுதிவிட்டு அந்த “வாசகிகளே”வையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழைச் சூட்டுக்குத் திருப்பியது வாசகிதான் என்று யார் சொன்னது? அந்த வீட்டில் வேறு கையே கிடையாதா?

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. பத்திரிகைக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

2

“உத்திரமேரூர் ஏரி அந்த வருஷம் கரை தொட்டு நிரம்பி, மாலை வெயிலில்

(வேண்டாம். இவளுக்கு ஏரியில் ஒரு வேலையும் இல்லை.)

“பெண்ணின் கைகளைப் பற்றி யாராவது

(இதுவும் வேண்டாம். மேடைப் பேச்சு.)

சுகிர்தா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். வயர்களை முறுக்கி முறுக்கி வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கும். புருஷன் ஆல்பர்ட், உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான். மகள் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் படிக்கிறாள். கம்பெனியில் கூட வேலை செய்தவள் ஒருத்தி ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனபோது, அவளுடைய வாஷிங் மெஷினைச் சுகிர்தா தன் போனஸில் வாங்கிக்கொண்டாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. பழையதுதான், ஆனால் நன்றாக ஓடியது. விற்றவள் குமிழை எங்கே வைத்துக் காட்டினாளோ அதை அப்படியே விட்டுவிட்டு, சுகிர்தா பட்டனை மட்டும் அழுத்துவாள்.

முதல் பில்லில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. இரண்டாவது பில் ஆல்பர்ட்டின் போனுக்கு வந்தபோது அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“இன்னாம்மே இது? கரண்ட் பில்லா, கந்து வட்டியா? எல்லாம் அந்த மெஷினாலதான்.”

“போன தபா வரலியே?”

“இந்தத் தபா வந்துகீதே! எங்கம்மா கையாலதான் தோச்சுது. செத்தா பூட்டுது?”

சுகிர்தா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் தங்கை பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். சுகிர்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3

இந்த இடத்தில் நான் எழுதியது: “சுகிர்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்தாள்.”

அடித்துவிட்டேன். வாளியை எடுத்தால் கதை முடிந்தது. கண்ணைத் துடைத்தால் நீங்கள் அவளுக்காக ‘உச்’ கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். அவளுக்கு உங்கள் ‘உச்’ வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். மறுநாளிலிருந்து அவள் துவைப்பதையே நிறுத்தினாள். மெஷினிலும் இல்லை, கையிலும் இல்லை. தன் உடுப்பை மட்டும் குளிக்கும்போது அலசிப் போட்டுக்கொண்டாள். ஆல்பர்ட்டின் சட்டையும் கைலியும் மூலையில் குவிந்தன.

“துணி அப்டியே கீதே?” என்று இரண்டு நாள் பொறுத்துக் கேட்டான்.

“ஆமா, கீது.”

“தோய்க்கல?”

“மெஷின்தான் உன் தங்கச்சி வூட்டுக்குப் போவுதே. துணியும் கூடவே போவட்டும்.”

அவன் கத்தினான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் அவன் அழுக்குச் சட்டையையே போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனான். திரும்பி வந்தவன் சட்டையைக் கழற்றக் கொல்லைப்பக்கம் போய், வெகுநேரம் வரவில்லை. அவள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிற ஆள் எதையும் கேட்பதில்லை.

(இங்கே அவள் கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவைத்தும் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

4

சனிக்கிழமை கம்பெனி லீவு. ஆல்பர்ட் மில்லுக்குப் போயிருந்தான். போகப்போகிற மெஷின் நிஜமாகவே குற்றவாளியா என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சுகிர்தாவுக்கு வெறி வந்தது. ஃபேனை நிறுத்தினாள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு பெட்ஷீட்டை உள்ளே போட்டு மெஷினை ஓடவிட்டு, வாசல் சுவரில் இருக்கும் மீட்டரின் எதிரே போய் நின்றாள்.

மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டியது. தண்ணீர் நிரம்பும் வரைக்கும் சோம்பேறி மாதிரிதான் சிமிட்டியது. பிறகு திடீரென்று, யாரோ துரத்துகிற மாதிரி படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

உள்ளே ஓடினாள். மெஷின் ஆடவில்லை, அதிரவில்லை, மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவில் கை வைத்தாள். சுட்டது.

அப்போதுதான் குமிழைப் பார்த்தாள். அது அறுபது என்ற எண்ணின்மேல் நின்றது. விற்றவள் காட்டிய இடம் அதுவல்ல. அவளும் வைத்ததில்லை. மகள் லீவுக்கே வரவில்லை. வீட்டில் மீதி இருப்பது ஒரே ஆள்.

5

“யோவ், இத்த திருப்புனது யாரு?”

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து வெள்ளைச் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஆல்பர்ட் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பிரிஸ்கில்லா வண்டியோடு வரும் நேரம்.

“எத்த?”

“மெஷின் குமிழ. சுடுதண்ணில வெச்சிகீற. கரண்ட குடிச்சது மெஷின் இல்ல, அந்தச் சூடு. நேத்து என் கண்ணால பார்த்தேன்.”

அவன் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினான். கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் நகம் கீறிய கோடுகள். சில இடத்தில் புண்ணாகியிருந்தது.

“நெல்லு சொணை, உமில கீற பொடி முள்ளு. சட்டைக்குள்ளியே ஒக்காந்துகினு அரிக்குது. சுடுதண்ணில போட்டாத்தான் போவும்னு மில்லுல சொன்னாங்கோ. பேஜாரா பூட்டுதும்மே.”

சுகிர்தா குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தாள். ஆனாலும் அவள் விடவில்லை.

“அரிக்குதுன்னு என்னாண்ட சொல்ல உனுக்கு வாயில்ல. என் மெஷினத் தூக்கிக் குடுக்கறதுக்கு மட்டும் வாய் கீதா?”

“ஆம்பளைக்கு அரிக்குதுன்னு எப்டிடீ சொல்றது?”

“பொம்பளைக்குக் கை வலிக்குதுன்னு நான் சொல்லல?”

அதற்குள் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு பிரிஸ்கில்லாவே வந்துவிட்டாள். இறங்கும்போதே சிரிப்பு. ஐந்து பேர் துணியைக் கையால் அடித்துத் துவைக்கிறவள். அவள் சிரிப்பில் தப்பில்லை.

“அண்ணி, ஒரு கை புடிங்கோ.”

“உங்கண்ணன் உனுக்கு இன்னாவோ சொல்லணுமாம்” என்றாள் சுகிர்தா.

ஆல்பர்ட் நிமிரவில்லை. சுகிர்தா காத்திருந்தாள். அவனுக்காகத் தான் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“மெஷின் குடுக்கறதுக்கில்ல பிரிஸ்கில்லா,” என்றான் கடைசியில். “அது என்னுது இல்ல.”

பிரிஸ்கில்லாவின் முகம் தொங்கிப்போனது. வண்டியைத் திருப்பினாள். சுகிர்தா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“மெஷின் வராது. நீ துணிய எடுத்துக்கினு வா. எங்க ரெண்டு பேரு துணிக்கு அது பாதி காலியா ஓடுது. ரொம்பறதுக்கு உன் வூட்டுத் துணி கீது. சனிக்கெயம மத்தியானம் வா.”

“மத்தியானமா? ஏன்?”

“மாடி டேங்க் தண்ணில அப்போ கைய வெக்க முடியாது. வெயில் சும்மா காய்ச்சிக் குடுக்கறப்போ கரண்ட்டு எதுக்கு?”

அப்படித்தான் நடந்தது. குமிழ் குளிர்ந்த நீருக்குப் போனது. ஆல்பர்ட் சட்டையை மில்லிலேயே உதறிவிட்டு வந்தான். அவன் துணிகளை மட்டும் தனியாக ஊறவைத்து, ஒரு தடவை கூடுதலாக அலசினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் களிம்பு வாங்கிக்கொண்டான். சுகிர்தா கூடப் போகவில்லை, நீயே வாயைத் திறந்து சொல் என்று அனுப்பினாள். அடுத்த பில் இறங்கிவிட்டது.

6

பத்திரிகைக்காரருக்கு இதைப் போனில் சொன்னேன். நன்றாக இருக்கிறது, மிச்சமான நேரத்தில் அந்த அம்மா என்ன சாதித்தார் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள் என்றார்.

சேர்த்துப் பார்த்தேன். “அந்த நேரத்தில் சுகிர்தா தையல் கற்றுக்

“போட்டித் தேர்வுக்குப் படித்து, இன்று

ஒன்றும் ஒட்டவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெறும் தரையில் ஃபேனுக்குக் கீழே கையை விரித்துப் படுத்திருந்தாள். சாப்பிட வந்த ஆல்பர்ட்டும் என்னைப் போலவே குழம்பிப்போய்க் கேட்டான்.

“இன்னாம்மே பண்ற?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா கீறேன்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். இதுக்குத்தான் வாங்குனேன்.”

கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குமேல் அவளைக் கொண்டு ஒரு வரியும் எழுத முடியாது, முயல மாட்டேன்.

மெஷின் சுற்றி முடித்துக் கூவுகிறது. துணியை எடுத்து மாடியில் உலர்த்த வேண்டும். ஆல்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். பிரிஸ்கில்லா காலி வாளியோடு தெருமுனையில் திரும்புகிறாள். முடிவு உங்களுடையது. இரண்டு பேரில் யாரை வேண்டுமானாலும் மாடிக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் நீங்களே போய் உலர்த்துங்கள்.

அவளை மட்டும் எழுப்பாதீர்கள்.