ராபின் நாட்டை விட்டு வெளியேறிய விதம்

1

"பாஸ்போர்ட்டே இல்லாத ஆளு எப்படி சார் வெளிநாடு போவாரு?"

"அதத்தாம்மா விசாரிக்கிறோம்."

"ரேஷன் கார்டும் ஐலண்டர் கார்டும் வீட்டுலதான் இருக்கு. கொண்டாந்து காட்டட்டுமா?"

"அதக் காட்டி? இல்லாத பாஸ்போர்ட்ட எப்படிக் காட்டுவ? அரே, பர்மா போயிட்டான்னு நீதானே சொன்ன? கையெழுத்துப் போட்டிருக்க. பக்கா ஸ்டேட்மென்ட்."

கேட்டது ஞானசெல்வி அக்கா. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் பக்கத்து வீடு. பதில் சொன்னது ஹெட் கான்ஸ்டபிள் முருகையா சார். நடுவில், அக்காவின் கணவரைத் தேடச் சொல்லும் மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், ருக்கு. இந்தக் கதை பிறந்தது அந்த ஸ்டேஷன் மேஜைக்கு முன்னால், எனக்குக் காது சூடேறிய நேரத்தில்.

2

முதல் வரிக்கு முயற்சிகள்:

கடல் அன்று கண்ணாடி போல—

அடித்துவிட்டேன். கடல் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ராபின் ஒரு முன்கோபி—

இதையும் அடித்துவிட்டேன். எஃப்.ஐ.ஆர். அப்படித்தான் தொடங்குகிறது.

நடந்ததை நேராகச் சொல்கிறேன். அக்காவின் கணவர் ராபின் அண்ணனுக்கு மீன்பிடித் தொழில். படகுத்துறை ஜெட்டியில் ஐஸ் ஏற்றும்போது மேஸ்திரியோடு தகராறு. தள்ளியதில் மேஸ்திரிக்குக் கை முறிந்தது. கேஸ் ஆனது. மறுநாள் அண்ணன் எப்போதும்போலத் தன் டுங்கியில், அந்த எஞ்சின் வைத்த சின்னப் படகில், தனியாகக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகுதான் போலீஸ் வந்தது. சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் இவர்களை அனுப்பிவிடலாம் என்று அக்கா சொன்னாள்: "அவரு பர்மாவுக்கு ஓடிட்டாரு சார்."*

சாயங்காலம் அவர் வரவில்லை.

* எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான். கட்சிக்காரர்கள் ஊர்வலத்துக்கு ஆள் கேட்டு வந்தாலும், சர்ச் கமிட்டி நாற்காலி தூக்கக் கூப்பிட்டாலும், உள்ளே படுத்திருக்கும் புருஷனைப் பர்மாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்து நாடு அல்லவா. யாரும் நம்புவதில்லை. எழுதி வாங்கிக்கொண்டது போலீஸ் மட்டும்தான்.

3

தேடப்படுகிற ஒருவர் வெளிநாடு போனாரா என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கதைக்காக விசாரித்தேன். குடியேற்றத் துறையிடம் பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் லுக்அவுட் நோட்டீஸ் போகும். விமானத்திலும் கப்பலிலும் போனவர்களின் பெயர்களைப் பார்ப்பார்கள். செல்போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று கேட்பார்கள். நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஊரை ஏமாற்றிவிட்டு மெயின்லேண்டில் பிளேன் ஏறுகிறவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை அண்ணனுக்கு மாட்டினார்கள். பனியனோடு டுங்கியில் உட்கார்ந்திருக்கிறவரை ஏர்போர்ட்டில் தேடினார்கள்!

கடைசி சிக்னல் கிழக்குக் கரை டவரில் என்று வந்தது.

"பாத்தியா? பர்மா பக்கம்தான் போயிருக்கான்."

"மீனும் அந்தப் பக்கம்தான் சார் இருக்கு," என்றாள் அக்கா.

அடுத்த வாரம் குடியேற்றத் துறையின் பதில் வந்தது. இந்தப் பெயரில், இந்த விவரங்களோடு, யாரும் நாட்டை விட்டு வெளியேறியதாகப் பதிவு இல்லை. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"அப்ப இங்கதானே சார் இருக்காரு? கடல்ல பாருங்க!"

"பதிவு இல்லன்னா கள்ளத்தனமா போயிருக்கான்னு அர்த்தம்மா."

பதிவு இருந்தால் போய்விட்டார். இல்லாவிட்டால் திருட்டுத்தனமாகப் போய்விட்டார். [இங்கே ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. எடுக்கச் சொன்னது என் அம்மா.]

கடலில் தேட வேண்டுமென்றால் 'காணாமல் போனவர்' என்று ஸ்டேஷன் எழுதித் தர வேண்டும். தலைமறைவானவரை அப்படி எழுத முடியாதாம். ஒரே மனிதர் இரண்டாகவும் இருக்கக்கூடாதாம். எங்கள் பக்கத்து மீன்காரர் அந்தோணிமுத்து மாமாவும் மற்றவர்களும் தங்கள் டுங்கிகளில் டீசல் தாங்கிய தூரம் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கு அப்பால் பெரிய போட் வேண்டும்.

4

கதைக்கு எனக்கு முடிவு ஒன்று தோன்றியது. நான் ஃபெர்ரியில் போகும்போதும் வரும்போதும் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பவள். எங்கோ ஒரு தூர தேசம் வராமல் எனக்குக் கதை முடியாது. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

அலைகள் அவரை ஒரு வெள்ளை மணற்கரையில் விட்டுச் சென்றன. மொழி புரியாத ஒரு குடும்பம் மூங்கில் வீட்டில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது. அவர் மெல்ல மெல்லத் தன் பெயரை—

"எந்த ஊருடி அது?"

"பர்மாக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "நீயுமா?"

அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஸ்டேஷனில் என்ன எழுதினார்களோ அதையேதான் கொஞ்சம் அழகாக எழுதியிருந்தேன். தேட வேண்டாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு முடிவு: பாராடாங் தீவின் அலையாத்திக் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார். "அப்ப ஓடிப்போனவருன்னு அவங்க சொன்னது சரியாயிடும்ல?" என்றாள் அக்கா.

மூன்றாவது: டுங்கி கவிழ்ந்து—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கேனில் தண்ணீர் இருந்தது. இடையில் மழையும் பெய்திருக்கிறது. அக்கா இப்படித்தான் கணக்குப் போடுகிறாள். நானும்.

5

முருகையா சாருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்து எழுதினேன். உண்மையில் அவர் கண்ணாடி போட்டவர். ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டு டீ வரவழைக்கிறார். இதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. மனிதர் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்க, ஒரு ஆள் கடலில் செத்துப்போகலாம்.

இன்றைக்கும் போனோம். அவர் கடைசியாகச் சொல்ல வேண்டிய பதிலுக்கு நல்லதாக ஒன்றும் கெட்டதாக ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அந்த வரியை அவர்தான் சொல்ல வேண்டும். படிக்கிறவர்கள் அதுவரை அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருங்கள். பாவம் பார்த்து நிரப்பிவிடாதீர்கள்.

அக்கா என் கையிலிருந்த மனுவை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள். டீயைத் தொடவில்லை.

"காணாமப் போனவருன்னு எழுத வேண்டாம் சார். குத்தவாளின்னே இருக்கட்டும். ஓடிட்டாருன்னே இருக்கட்டும். பிடிக்கிறதுக்காச்சும் ஒரு போட்ட அனுப்புங்க சார். வெலங்கு எடுத்துக்கிட்டே போகச் சொல்லுங்க."