நீருக்குக் கீழே ஒரு மூக்கு

தண்ணீருக்குள்ளிருந்து மூக்கு எழும்பிக்கொண்டிருக்கிறது, நிலக்கரி இறங்க இறங்கக் கப்பல் லேசாகி, முன்னால் புடைத்த அந்தச் சிவப்பு உருண்டை மெல்ல வெளியே வருகிறது, நான் கேமராவோடு காத்து நிற்கிறேன், சர்வேயருக்காகக் கப்பல்களின் அடிவயிற்றைப் படமெடுப்பது என் பிழைப்பு, அலையைக் கிழித்து டீசலை மிச்சம் பிடிக்கத்தான் இந்த மூக்கு என்று அவர் சொன்ன அன்று என்ன அழகு என்று வாய்பிளந்தேன், இன்று காறித் துப்பத் தோன்றுகிறது, பாரத்தோடு வரும்போது அது கண்ணுக்கே தெரியாது, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத என் அண்ணன் மிக்கேலுக்கும் தெரிந்திருக்காது, கரைக்கு ஒரு பலகைகூட வரவில்லை, கப்பல் ஏஜெண்டு துரைப்பாண்டி வீட்டுக்கே வந்து, அலையடிச்சிக் கவுந்திருக்கும் தம்பி, எங்க கப்பல் அந்தப் பக்கமே போவல என்றான், மைனி ஜெசிந்தா, அண்ணன் பெண்டாட்டி, அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், ஆனால் நினைவில் மைனி இதோ சிரிக்கிறாள், அண்ணன் இருந்தபோது வந்த மாதா திருவிழாவுக்கு வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், நீலம் பத்தவில்லை என்று பழைய பச்சையை அதில் ஊற்றிக் கலக்குகிறாள், இது என்னட்டி நிறம், மீனெல்லாம் சிரிக்கும் என்று அண்ணன் திட்டுகிறான், சிரிச்சிக்கிட்டே வலைக்குள்ள வரட்டும் என்கிறாள், மிச்சத்தை வீட்டுக் கதவுக்கு அடித்துவிடுகிறாள், ஊரில் வேறு எந்த வள்ளத்துக்கும் எந்தக் கதவுக்கும் அந்த நிறம் கிடையாது.

இன்றுதான் அந்தக் கப்பல் திரும்பி வந்திருக்கிறது, மூக்கின் இடப்பக்கம் ஒரு நீளக் கீறல், கீறலுக்குள் அப்பிக் கிடக்கிறது மைனி கலக்கிய நிறம், ஆத்திரத்தோடு படம் எடுக்கிறேன், மறுபடி எடுக்கிறேன், மிதவையில் சிவப்புப் பெயிண்டோடு இரண்டு பேரை ஏற்றி அனுப்பிவிட்டுத் துரைப்பாண்டி என்னிடம் வருகிறான், அதை ஏன் எடுக்க தம்பி, தொறைமொகச் செவத்துல ஒரசுனது, இப்ப அடிச்சி மூடிருவாவ, அடிக்கச் சொல்லும் என்கிறேன், எங்க வீட்டுக்குக் காபி குடிக்க வந்தீரே, கையை வச்சித் தள்ளிக்கிட்டு உள்ள வந்தீரே ஒரு கதவு, அது என்ன நிறம்னு ஞாவகம் இருக்கா, அவன் கப்பலின் மூக்கைப் பார்க்கிறான், பிறகு தன் உள்ளங்கையைப் பார்க்கிறான், மிதவை இன்னும் போய்ச் சேரவில்லை, மூக்கு முழுதும் வெளியே வந்துவிட்டது, எங்கள் வீட்டுக் கதவு நடுக்கடலில் திறந்து கிடப்பதுபோல.