திங்கட்கிழமை மேடு

செல்லக்கனிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. விருதுநகர்க் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறவள், வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால்கூட முகம் சுளிக்கிறவள். அப்படிப்பட்டவள்தான் அந்த ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை, ஆளில்லாத ஆய்வகத்தின் நடுவில் நின்றுகொண்டு, "பாலகுரு, உனக்கு என்னலே வேணும்?" என்று கேட்டாள். பாலகுரு இறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி ஃபுல்லரீனில். அறுபது கரி அணுக்கள் கால்பந்துத் தையல் போலக் கூடிய உருண்டை அது. அதனோடு செம்பைப் பிணைத்து, நாவற்பழ நிறத்தில் கரைத்து, கரைசலுக்குள் மின்முனையை விட்டு எலக்ட்ரானை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவாள். திரையில் கோடு அலை அலையாக எழும். போன வழியே திரும்பி வரும். எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் செம்பு உருண்டையை விட்டுப் பிரியாது என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. வெளிநாட்டு ஆய்விதழில் அது அச்சானபோது கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸே வைத்தார்கள்.

முதல் அலைக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு தெரிந்தால், கரைசலில் செம்பு தனியாகத் திரிகிறது, எங்கிருந்தோ அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆராய்ச்சி மாணவன் பாலகுரு எடுத்த கோடுகளில் அந்த மேடு வந்தது. அதுவும் திங்கட்கிழமைகளில் மட்டும் வந்தது.

பாலகுரு ஆமத்தூர்க்காரன். அப்பா இல்லை. அம்மா சண்முகத்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. உதவித்தொகை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், சனி ஞாயிறுகளில் அவனும் அவளோடு கம்பெனி வேனில் ஏறி மணிமருந்து உருட்டப் போவான். வானத்தில் வெடித்து நிறம் நிறமாகப் பூக்கிறதே, அதற்கான மருந்து. அவன் உருட்டியது நீலம். நீலத்துக்குச் செம்பு உப்புத்தான் போடுவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது? செல்லக்கனி தானே புதிதாகக் கரைத்துப் பார்த்தாள், மேடு இல்லை. ஆறு பேர் பார்க்க அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இந்தக் கையோட என் லேபுக்குள்ள வராத. கம்பெனியா படிப்பான்னு முடிவு பண்ணிட்டு வா."

முடிவு பண்ணுகிற வசதி அவன் வீட்டில் இல்லை. வாரத்தில் ஆறு நாளும் நீலம் உருட்டப் போனான். ஐந்தாவது மாதம், சித்திரை வெயிலில், மருந்து உராய்ந்து அந்த அறை தரைமட்டமானது. செத்த நான்கு பேரில் அவன் ஒருவன்.

செல்லக்கனி துக்கம் கேட்கப் போகவில்லை. பாவம்தான், ஆனால் தப்பு அவன் கையில் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லிக்கொள்ள முடிந்த வரைக்கும்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

இப்போது அவன் இடத்தில் பிரீத்தி. அச்சகக்கார வீட்டுப் பெண், கையுறை போடாமல் பேனாவைக்கூடத் தொடமாட்டாள், பட்டாசு மருந்தைக் கண்ணால் கண்டதில்லை. அவள் எடுத்த கோட்டிலும் ஒரு திங்கட்கிழமை மேடு வந்தது. செல்லக்கனி கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் ஊறப்போட்டாள். மின்முனையைத் தன் கையாலேயே தேய்த்தாள். பாலகுரு உட்கார்ந்த ஸ்டூலை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினாள். அடுத்த திங்களும் அதே இடத்தில், அதே உயரத்தில் மேடு நின்றது. செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. அனுப்பிவிட்ட ஸ்டூலை யாரோ தரையில் இழுக்கிற சத்தம் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது திங்கட்கிழமைதான் அவனிடம் வாய்விட்டே கேட்டாள்.

வாசலில் பிரீத்தி நின்றிருந்தாள். மேடத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். பயத்தில், கேட்காமலேயே ஒப்புக்கொண்டாள்.

"மேடம், வெள்ளிக்கிழமை கரைச்சது ஜன்னலோரம் மிச்சம் இருக்கும். ஒரு சொட்டுகூட வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. திங்கக்கிழமை அதையே போட்டுருவேன்."

அந்த உத்தரவு பாலகுரு காலத்திலும் இருந்தது. அவனும் வெள்ளிக்கிழமை மிச்சத்தைத்தான் திங்கட்கிழமை போட்டிருக்கிறான்.

செல்லக்கனி புதிதாகக் கரைத்து, பாதியை ஜன்னல் வெளிச்சத்திலும் பாதியைக் கறுப்புத் தாள் சுற்றியும் மூன்று நாள் வைத்தாள். வெளிச்சத்தில் இருந்ததில் மேடு வந்தது. மூடி வைத்ததில் இல்லை. வெளிச்சம் பட்டு, செம்பு உருண்டையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. அவள் கொண்டாடிய சேர்மம்தான் சிதைந்தது. பாலகுரு எடுத்த கோடுகள் அத்தனையும் சரி. பட்டாசு மண்ணில் பிறந்து வளர்ந்தவளுக்கு, பட்டாசுக்காரன் கையைத் தாண்டி வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. பேய் இல்லை என்று தெரிந்த அன்றுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கட்டுரை தவறு என்று ஆய்விதழுக்கு எழுத அரை நாள் போதுமாக இருந்தது. ஆமத்தூருக்குக் கிளம்ப மூன்று வாரம் ஆனது.

கம்பெனி வேன் வந்து நிற்கிற சாயங்கால நேரம். சண்முகத்தாய் இறங்கி வந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் சேரைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். தான் தரையில் உட்கார்ந்தாள். செல்லக்கனி தொண்டையைச் செருமுவதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல டீச்சர். தப்பு எம்பேருலதான். திங்கக்கிழம விடிஞ்சதும் புளியப் போட்டு, ஏனம் தேய்க்கிற நாரால அவன் கையத் தேய்ச்சுவிடுவேன். எரியுதும்மாம்பான். தோலு உரியிற மட்டும் விடமாட்டேன். அப்பிடியும் அழுக்கு போகலன்னு சொல்லிட்டீகளே. இன்னுங் கொஞ்சம் தேய்ச்சிருந்தா எம்பிள்ள காலேசுலயே இருந்திருப்பான்."

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த விளக்கங்கள் செல்லக்கனிக்கு மறந்துபோயின. இவள்தான் நம்மை மன்னித்துவிட்டாளே, பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

"அவன் கை சுத்தமாத்தாம்மா இருந்துச்சு," என்றாள். "கோளாறு என் மருந்துல. நாந்தான் தெரியாம அவன் மேல பழியப் போட்டு வெரட்டிட்டேன்."

என் பிள்ளையை ஏன் விரட்டினாய் என்று கேட்பாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். சண்முகத்தாய் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பம் நான் எதுக்கு டீச்சர் அவன அம்புட்டு நோகடிச்சேன்?"