வேனுக்கான கொள்முதல் குழு

உலகத்தில் இதுவரை நடந்த தவறுகள் அத்தனையும் மூன்று விலைப்புள்ளி வாங்காமல் நடந்தவை. இருபத்தாறு வருடம் கொள்முதல் அலுவலராக இருந்தவர் கண்டறிந்த உண்மை இது. அவரை ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்ப அலுவலகத்துக்கு ஒரே ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. காப்பி ஆறினதும் தெரியாது, நாக்கைச் சுட்டதும் தெரியாது.

வீடு இப்போது மனைவியின் சலவைக் கூடத்தை நம்பி ஓடியது. ஆஸ்பத்திரி ஒன்று தன் படுக்கை விரிப்புகளை ஒரு வருடத்துக்கு அவளிடம் தருவதாகச் சொல்லியிருந்தது. சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருந்த வேனின் இஞ்சினோ மண்டையைப் போட்டுவிட்டது. மெக்கானிக்கான அவள் தம்பி, விபத்தில் நசுங்கிய வேறொரு வேனிலிருந்து இஞ்சினைக் கழற்றி வந்து பொருத்தினான். அதற்கு மூளையாக இருந்த கம்ப்யூட்டர் மட்டும் அந்த விபத்திலேயே நொறுங்கிப்போயிருந்தது. எந்தக் கம்பெனி இஞ்சினிலும் தனியாகப் பொருத்தி, நாமே பழக்கிக்கொள்கிற கம்ப்யூட்டர் ஒன்று வாங்க வேண்டும்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் அலுவலர். மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் என்பதால் மனைவி தடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசை அலுவலகமாயிற்று. குழுவின் தலைவர் அவர், செயலாளர் அவர், உறுப்பினரும் அவரே.

"மாமா, எது வாங்கணும்னு நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"நீ சொந்தக்காரன். சொந்தக்காரங்க கொள்முதல்ல தலையிடக் கூடாது. விதி."

"வண்டியே நம்ம வண்டிதானே மாமா!"

"அதனாலதான்."

ஐந்து வாரம் போயிற்று. ஒப்பீட்டுப் பட்டியல் நாற்பத்தொரு கட்டங்களாகப் பெருத்தது. பட்டியலை ஓரமாகத் தள்ளித்தான் தட்டு வைக்க முடிந்தது.

"என்னைக் கட்டிக்க பத்து நிமிஷத்துல சரின்னீங்க" என்றாள் மனைவி. "ஒரு டப்பாவுக்கு அஞ்சு வாரமா?"

"அப்ப எனக்கு விதிமுறை தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வண்டி ஓடுதுன்னு காட்டணுமாம். இல்லேன்னா வேற ஆளு."

குழு அன்றே கூடி ஒருமனதாக முடிவெடுத்தது. வெள்ளிக்கிழமை காலை பெட்டி வந்து சேர்ந்தது. 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அதை மச்சினனிடம் கொடுத்தார்.

அவன் வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் கட்டைப் பிரித்தான். ஒயரைப் பார்த்தான், இஞ்சினைப் பார்த்தான், திரும்பவும் ஒயரைப் பார்த்தான்.

"மாமா, இது நாலு சிலிண்டருக்கானது."

"சரி."

"இந்த இஞ்சினுக்கு அஞ்சு."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நான்தான் சொந்தக்காரன் ஆச்சே."

மனைவி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "இல்லீங்க, இன்னும் ஓடல... ஆமாங்க, அவங்களுக்கே குடுத்துடுங்க" என்பது உள்ளே கேட்டது. திரும்பி வந்தவள் யாரையும் திட்டவில்லை. மெஷினில் துணியைப் போடப் போய்விட்டாள்.

நெஞ்சில் ஏதாவது கிளம்புகிறதா என்று அலுவலர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரோ ஒருவர் வீட்டுச் சேதி போல இருந்தது. பட்டியலை எடுத்து முதல் கட்டத்திலிருந்து விரலை ஓட்டினார்.

பெட்டியின் நிறத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. சிலிண்டருக்கு இல்லை.